காரின் பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சோதிக்கும் முறை: டேங்க் மூடியிலிருந்து கேனிஸ்டர் வரை முழுமையான வழிகாட்டி

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஆனால் வண்டி வழக்கம்போல் ஓடுகிறது. இழுவையிலும் குறையில்லை, மைலேஜிலும் குறையில்லை. ஸ்கேனரைச் செருகினால் பி 0442 என்றோ பி 0455 என்றோ ஒரு குறியீடு வருகிறது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். குறியீட்டுக்கு நேரே எழுதியிருக்கும் விளக்கத்தைக் கெட்டுப்போன உதிரிபாகத்தின் பெயராக எண்ணிக்கொண்டு முதலில் பர்ஜ் வால்வை மாற்றுகிறார்கள். விளக்கு மீண்டும் எரிந்தால் கேனிஸ்டரை மாற்றுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மூடியை மாற்றுகிறார்கள். உண்மையில் அந்தக் குறியீடு, வண்டியின் கணினி தானாக நடத்திப் பார்த்த சோதனைகளில் எது தோற்றது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகத்தால் தோற்றது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எந்த வரிசையில், எந்தக் கருவியைக் கொண்டு கண்டுபிடிப்பது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

அமைப்பு வேலை செய்யும் விதம்

பெட்ரோல் நின்ற இடத்திலேயே ஆவியாகும் பொருள். வெயிலில் நிறுத்திய காரின் டேங்கில் ஆவி பெருகி அழுத்தம் ஏறும். அந்த ஆவியை அப்படியே வெளியே விட்டால், அதிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் சூரிய ஒளியில் வினைபுரிந்து, நிலமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். ஓசோன் மிகுந்த புகைமூட்டத்தால் அவதிப்பட்ட கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதற்கும் 1971 மாடல் கார்களிலிருந்தும் ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. 1996இல், காரின் கணினி தன் பழுதுகளைத் தானே கண்டு குறியீடாகப் பதியும் ஓபிடி 2 முறை வந்தபோது, அந்த அமைப்பில் கசிவு இருக்கிறதா என்று காரே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடும் படிப்படியாகச் சேர்ந்தது. முதலில் 1 மில்லிமீட்டர் துளை அளவுக்கான கசிவைக் கண்டுபிடித்தால் போதும் என்றிருந்தது. பின்னர் அது அரை மில்லிமீட்டராகக் குறைந்தது. குண்டூசி முனை குத்திய அளவு ஓட்டைக்கும் விளக்கு எரிவதற்கு அதுவே காரணம்.

இதை ‘ஈவாப்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டேங்க், டேங்கின் கழுத்து, மூடி, ஆவி செல்லும் குழாய்கள், கரி நிரம்பிய கேனிஸ்டர் ஆகிய அனைத்தும் சேர்ந்து மூடிய ஒரே பெட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்கு இரண்டு கதவுகள் உண்டு. எஞ்சின் பக்கம் இருப்பது பர்ஜ் வால்வு. மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும். வெளிக்காற்றுப் பக்கம் இருப்பது வென்ட் வால்வு. மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும். வண்டி நிற்கும்போது டேங்கிலிருந்து எழும் ஆவி கேனிஸ்டருக்குள் வந்து கரியில் ஒட்டிக்கொள்கிறது. ஆவி நீங்கிய காற்று மட்டும் வென்ட் வழியாக வெளியேறுகிறது. எஞ்சின் சூடேறி ஓடும்போது கணினி பர்ஜ் வால்வைத் திறக்க, எஞ்சினின் உறிஞ்சுவிசை வென்ட் வழியாக வெளிக்காற்றை இழுத்துக் கரியிலிருக்கும் ஆவியைக் கழுவிக்கொண்டுபோய் எரிக்கிறது. கசிவுச் சோதனை செய்ய வேண்டுமானால் கணினி வென்ட்டை மூடிவிட்டு, பர்ஜ் வழியாகச் சிறிது வெற்றிடத்தை உண்டாக்கி, பர்ஜையும் மூடி, டேங்க் அழுத்த சென்சாரைக் கவனிக்கிறது. வெற்றிடம் நின்றால் தேர்ச்சி, கரைந்தால் கசிவு.

எல்லாக் கார்களும் இதே வழியைப் பின்பற்றுவதில்லை. சிலவற்றில் கேனிஸ்டரை ஒட்டி ஒரு சிறு மின்பம்பு இருக்கும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, எஞ்சின் குளிர்ந்த பின் அது தானாக ஓடிச் சோதிக்கும். நள்ளிரவில் பூட்டிய காரின் பின்புறத்திலிருந்து ரீங்காரம் கேட்டு மிரண்டவர்கள் உண்டு. அது பழுதன்று, பரிசோதனை. வேறு சிலவற்றில் பம்பே கிடையாது. ஓடி நின்ற வண்டியின் டேங்க் குளிரும்போது தானாக உண்டாகும் வெற்றிடத்தையே கணினி அளந்துகொள்ளும். உங்கள் காரில் எந்த வகை என்பதைச் சர்வீஸ் கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்வது, பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். அது காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. எனவே தரையோடு தவழ்ந்து குழிகளில் தேங்கும். வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். சர்வீஸ் குழிக்குள் இறங்கிச் செய்யக்கூடாது. எஞ்சினும் புகைக்குழாயும் குளிர்ந்திருக்க வேண்டும். பழைய குண்டு பல்பு விளக்கை வண்டிக்கு அடியில் கொண்டுபோகாமல் எல்இடி டார்ச்சைப் பயன்படுத்துங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல், ஸ்டாண்டு கொடுத்த பிறகே உள்ளே செல்லுங்கள்.

பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரை இந்த அமைப்பில் ஒருபோதும் இணைக்கக்கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள். ஈவாப் அமைப்பு தாங்கும் அழுத்தம் மிகக் குறைவு. 1 பிஎஸ்ஐக்கு மேல் போனாலே வால்வுகளும் டேங்கின் உறைகளும் சேதமாகலாம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. டேங்கின் மேற்பகுதியில் இருக்கும் ஆவி சாதாரணமாக மிக அடர்த்தியானது என்பதால் தீப்பொறி பட்டாலும் எளிதில் பற்றாது. அதற்குள் காற்றைச் செலுத்தினால் அடர்த்தி குறைந்து, தீப்பற்றும் வரம்புக்குள் நாமே அதைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களாவோம். அதனால்தான், கசிவைக் கண்டுபிடிக்க அமைப்புக்குள் புகை செலுத்தும் நல்ல இயந்திரங்களில் நைட்ரஜன் போன்ற மந்த வாயுவைப் பயன்படுத்தும் வசதி வைத்திருக்கிறார்கள்.

பிளக்இன் ஹைபிரிட் போன்ற சில வண்டிகளில் டேங்க் அழுத்தத்துடன் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பெட்ரோல் மூடி திறக்கும் பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கியதை வண்டி அறிவித்த பிறகே எதையும் கழற்ற வேண்டும்.

முதல் படி: குறியீட்டையும், அது பதிவான சூழலையும் படித்தல்

குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பி 0455 பெரிய கசிவு, பி 0442 சிறிய கசிவு, பி 0456 மிகச் சிறிய கசிவு. பி 0457 என்றால் மூடி தளர்வாகவோ மூடாமலோ இருந்திருக்கலாம் என்று கணினி கருதுகிறது. பி 0441 பர்ஜ் ஓட்டம் சரியில்லை என்பதையும், பி 0496 வேண்டாத நேரத்திலும் பர்ஜ் ஓட்டம் இருக்கிறது என்பதையும் குறிக்கும். பி 0443 பர்ஜ் வால்வின் மின்சுற்று. பி 0446, பி 0449 ஆகியவை வென்ட் பக்கத்தவை. பி 0451 முதல் பி 0454 வரை அழுத்த சென்சாரைச் சேர்ந்தவை. மின்சுற்றுக் குறியீடு வந்திருந்தால் புகைச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை; மல்டிமீட்டர் போதும். கசிவுக் குறியீடும் மின்சுற்றுக் குறியீடும் ஒன்றாக வந்திருந்தால், மின்சுற்றை முதலில் சரிசெய்யுங்கள். வால்வே இயங்காதபோது கணினி நடத்திய கசிவுச் சோதனைக்குப் பொருளில்லை.

குறியீட்டுடன் சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரங்களையும் பாருங்கள். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, வெளி வெப்பநிலை எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்பவை அங்கே இருக்கும். டேங்க் நிரம்பிய நிலையில் பதிவாகியிருந்தால், பெட்ரோல் போட்டவுடன் மூடியைச் சரியாகத் திருகவில்லையோ என்று ஐயப்பட இடமுண்டு. காலைக் குளிரில் பதிவாகியிருந்தால், குளிரில் சுருங்கி விரியும் விரிசலாக இருக்கலாம்; அப்படியானால் உங்கள் சோதனையையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மூடியும் கழுத்தும்

மூடியைக் கையில் எடுத்து அதன் ரப்பர் வளையத்தை விரலால் மெல்ல மடக்கிப் பாருங்கள். பார்வைக்கு முழுதாகத் தெரியும் வளையத்தில், மடக்கும்போது முடி அளவு வெடிப்புகள் வாய் திறக்கும். வளையத்தின் ஓரிடத்தில் மட்டும் பளபளப்பாக, தட்டையாக அழுந்திய தடம் தெரிந்தால் மூடி கோணலாக உட்காருகிறது என்று பொருள். கழுத்தின் விளிம்பில் மூடி படியும் இடத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். அங்கே துருவோ, பெட்ரோல் குழல் உரசிய சிராய்ப்போ இருந்தால் புது மூடி போட்டாலும் பயனில்லை.

மூடிக்குள்ளேயும் ஒரு சிறு வால்வு இருக்கிறது. டேங்கில் வெற்றிடமோ அழுத்தமோ அளவு மீறும்போது அது திறந்து காப்பாற்றும். திருகு மரை பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் மூடியைப் போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். உள்ளிருக்கும் வால்வின் அளவு வேறாக இருக்கலாம், சிலவற்றில் வால்வே இல்லாமலும் இருக்கலாம். மூடியே இல்லாத, குழலைச் செருகினால் தானாகத் திறக்கும் மடல் வகைக் கழுத்துகளில், மடலின் ரப்பர் விளிம்பில் தூசி படிந்து இடைவெளி விடுவது வழக்கமான குறை. பஞ்சில்லாத துணியால் துடைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும்.

மூன்றாம் படி: வண்டிக்கு அடியில் பார்வையிடுதல்

இது பத்து நிமிட வேலை. டேங்கிலிருந்து கேனிஸ்டருக்கும், அங்கிருந்து எஞ்சின் அறைக்கும் ஓடும் குழாய்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பின்தொடருங்கள். ரப்பர் ஹோஸ் வளையும் இடங்களில் வெடிப்பு, பிளாஸ்டிக் குழாயில் உரசல், எலி கடித்த தடம், முழுதாகப் பொருந்தாத விரைவு இணைப்புகள் ஆகியவற்றைத் தேடுங்கள். இணைப்பை இலேசாக இழுத்துப் பாருங்கள்; நன்றாகப் பூட்டியிருந்தால் அசையாது. அண்மையில் பெட்ரோல் பம்பு மாற்றிய வண்டி என்றால், டேங்கின் மேலே பம்பை இறுக்கும் வளையமும் அதன் சீலும் முதல் சந்தேகத்துக்கு உரியவை.

ஒருமுறை பர்ஜ் வால்வும் கேனிஸ்டரும் புதிதாக மாற்றப்பட்டும் விளக்கு அணையாத வண்டி ஒன்று என்னிடம் வந்தது. கழுத்துக் குழாயை உடலோடு பிடித்திருக்கும் பட்டையின் அடியில், சேறு தேங்கித் துருப்பிடித்த ஓட்டை இருந்தது. பட்டையைக் கழற்றாமல் பார்த்தால் தெரியாது. புகைச் சோதனைக்கு முன்பே திருப்புளியால் அந்தச் சேற்றைச் சுரண்டிப் பார்த்திருந்தால் இரண்டு புதிய பாகங்களின் செலவு மிஞ்சியிருக்கும்.

நான்காம் படி: பர்ஜ் வால்வு

ஈவாப் பாகங்களில் வண்டியின் ஓட்டத்தையே பாதிக்கக்கூடியது முதன்மையாக இதுதான். பர்ஜ் வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் பெட்ரோல் ஆவி கணக்கில்லாமல் எஞ்சினுக்குள் போகும். பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகத் திணறுவது, ஐடிலில் நடுங்குவது, பிறகு தானாகச் சரியாவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெதையும் தேடும் முன் இதைச் சோதியுங்கள்.

எளிய சோதனைக்கு உங்கள் விரல் போதும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கேனிஸ்டர் பக்கமிருந்து பர்ஜ் வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கணினி பர்ஜ் செய்வதில்லை. எனவே எந்த இழுப்பும் இருக்கக்கூடாது. தொடர்ந்து இழுத்தால் வால்வு மூடவில்லை. எஞ்சின் நன்கு சூடேறிய பின் வேகத்தை உயர்த்திப் பிடித்துப் பார்த்தால், விரலை விட்டுவிட்டு உறிஞ்சுவதும் வால்வு ‘டிக் டிக்’ என்று துடிப்பதும் தெரியும். கணினி இந்த வால்வை முழுதாகத் திறந்து வைப்பதில்லை. விநாடிக்குப் பல முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் விகிதத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. துடிப்பே இல்லையென்றால் வால்வைக் குறைசொல்வதற்கு முன் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

வால்வைக் கழற்றிச் செய்யும் சோதனை இன்னும் உறுதியானது. கை வெற்றிடப் பம்பை எஞ்சின் பக்க வாயில் இணைத்து, பாதரச அளவில் 15 அங்குலம் வரை இழுத்து நிறுத்துங்கள். மின்சாரம் இல்லாத நிலையில் முள் நகரக்கூடாது. மெல்ல மெல்ல இறங்கினாலும் உள்ளே கசிவு உண்டு. அந்தக் கசிவே பி 0496க்கும் சில நேரங்களில் பி 0442க்கும் காரணமாகும். பிறகு, பெட்ரோல் வாடையில்லாத வேறிடத்தில் வைத்து, 12 வோல்ட் கொடுத்தால் ‘டக்’ என்ற ஒலியுடன் முள் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். ஒலி மட்டும் கேட்டால் போதாது. சுருள் இயங்கி ஒலி எழுப்பியும், உள்ளே துகள் அடைத்துக்கொண்டு காற்று போகாத வால்வுகள் உண்டு.

மின்பக்கத்தில் மூன்று அளவுகள். வால்வின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்து, கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். அளவு எல்லையின்றிக் காட்டினால் சுருள் அறுந்தது, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சுருள் ஷார்ட் ஆனது. சாவியைத் திருப்பிய நிலையில் இணைப்பின் ஒரு கம்பியில் பேட்டரி வோல்டேஜ் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃப்யூஸைப் பாருங்கள். மற்றக் கம்பியைக் கணினி எர்த்துடன் இணைத்துத் துண்டிக்கிறதா என்பதை, இணைப்பின் இரு முனைகளுக்கும் நடுவே சோதனை விளக்கை வைத்து, ஸ்கேனரிலிருந்து பர்ஜைக் கட்டளையிட்டுப் பார்க்கலாம். விளக்கு துடித்தால் கணினியும் கம்பியும் நலம்.

டர்போ எஞ்சின்களில் ஒரு கூடுதல் சிக்கல். டர்போ ஊதும்போது எஞ்சினின் உள்வாங்கு குழாயில் உறிஞ்சுவிசை இருக்காது; எனவே பர்ஜ் ஓட்டத்துக்கு இரண்டாவது பாதை ஒன்று வைத்து, இரு பாதைகளுக்கும் ஒருவழி வால்வுகள் பொருத்தியிருப்பார்கள். அவற்றை வாயால் ஊதிப் பார்க்காமல், கை பம்பு கொண்டு ஒரு திசையில் மட்டும் காற்று போகிறதா என்று பாருங்கள். பர்ஜ் வால்வு நலமாக இருந்தும் பி 0441 விடாமல் வரும் டர்போ வண்டிகளில் இவற்றை நான் முதலில் பார்ப்பேன்.

ஐந்தாம் படி: வென்ட் வால்வு

இது பெரும்பாலும் வண்டியின் பின்புறம், கேனிஸ்டரை ஒட்டி, சேறும் தண்ணீரும் படும் இடத்தில் இருக்கிறது. சோதனை பர்ஜ் வால்வுக்கு நேர்மாறானது. மின்சாரம் இல்லாதபோது காற்று தடையின்றிப் போக வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் மூடி, சிறு வெற்றிடத்தைப் பிடித்து நிற்க வேண்டும். மூடும் தட்டின் விளிம்பில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் கசிவுக் குறியீடு வரும்.

வென்ட் பாதை அடைத்திருந்தால் அறிகுறிகள் வேறு. பெட்ரோல் போடும்போது குழல் அடிக்கடி தானாக நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே பாயும். வடிகட்டியையும் வெளிக்காற்றுக் குழாயின் வாயையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். குளவிக் கூடும் சிலந்தி வலையும் அங்கே சாதாரணம். 2011இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே வென்ட் குழாயில் மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று வலை பின்னியதுதான். வலை அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் மிகுந்து, டேங்கே விரிசல் விடக்கூடும் என்பது அச்சம்.

ஆறாம் படி: அழுத்த சென்சாரும், ஸ்கேனரால் மட்டும் செய்யும் சோதனையும்

மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்கேனரில் டேங்க் அழுத்தத்தைப் பாருங்கள். வெளிக்காற்றோடு ஒப்பிட்டுக் காட்டும் சென்சார் என்றால் பூஜ்யத்தையோ அதை ஒட்டியோ காட்ட வேண்டும். மூடி திறந்திருக்கும்போதே ஒரு வெற்றிடத்தைக் காட்டினால் சென்சாரோ அதன் கம்பியோ பொய் சொல்கிறது. இணைப்பில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பார்த்துவிட்டுப் பிறகு சென்சாரை மாற்றலாம்.

சென்சார் நம்பத்தக்கது என்றானபின், கணினி செய்யும் அதே சோதனையை நாமே செய்யலாம். மூடியை மூடி, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்கேனரிலிருந்து வென்ட்டை மூடி, பர்ஜைச் சிறிதளவு திறக்கக் கட்டளையிடுங்கள். அழுத்தம் கீழே இறங்கத் தொடங்கும். நீர் அளவில் 10 அங்குல வெற்றிடத்தைத் தாண்ட விடாமல் பர்ஜை மூடுங்கள். சில கார்களில் வரம்பு இதைவிடக் குறைவு என்பதால் கையேட்டைப் பின்பற்றுங்கள். அழுத்தம் இறங்கவே இல்லையென்றால் பர்ஜ் திறக்கவில்லை, அல்லது வென்ட் மூடவில்லை, அல்லது கசிவு மிகப் பெரிது. இறங்கி, பர்ஜை மூடியதும் விறுவிறுவென்று ஏறினால் எங்கோ கசிகிறது. பர்ஜை மூடியபின்னும் வெற்றிடம் கூடிக்கொண்டே போனால் பர்ஜ் வால்வு உள்ளுக்குள் கசிகிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். பெட்ரோல் சூடாக இருக்கும்போது இதைச் செய்தால், புதிதாக எழும் ஆவியே அழுத்தத்தை ஏற்றி, இல்லாத கசிவை இருப்பதாகக் காட்டும். ஆகவே குளிர்ந்த வண்டியில் செய்யுங்கள்.

ஏழாம் படி: புகைச் சோதனை

கனிம எண்ணெயைச் சூடாக்கி, அதன் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் அமைப்புக்குள் செலுத்தும் இயந்திரம் இதற்கு வேண்டும். அழுத்தம் ஏறத்தாழ அரை பிஎஸ்ஐ, அதாவது நீர் அளவில் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். எஞ்சின் அறையில் பச்சை மூடியிட்ட சர்வீஸ் வாய் இருந்தால் அங்கே இணைக்கலாம். இல்லையென்றால் பர்ஜ் வால்வின் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி, கேனிஸ்டரை நோக்கிப் புகையைச் செலுத்துங்கள்.

வென்ட்டை உடனே மூட வேண்டாம். முதலில் திறந்தே விட்டு, வென்ட் குழாயின் வாயில் புகை வரும் வரை காத்திருங்கள். புகை அங்கே வந்தால், குழாயும் கேனிஸ்டரும் அடைப்பின்றி இருக்கின்றன என்பதும், அமைப்பு முழுவதும் புகை பரவத் தொடங்கியது என்பதும் ஒரே நேரத்தில் உறுதியாகும். டேங்கின் மூடியையும் ஒரு கணம் திறந்து, கழுத்தில் புகை எழும்புகிறதா என்று பார்த்து மூடுங்கள். அதன் பிறகு ஸ்கேனர் மூலமோ, குழாய் வாயை அடைத்தோ வென்ட்டை மூடுங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் புகை நிரம்ப வேண்டிய காலியிடம் பெரிது. பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

இப்போது புகை இயந்திரத்தின் ஓட்டமானியைப் பாருங்கள். கசிவில்லாத அமைப்பில், அழுத்தம் நிரம்பியதும் ஓட்டமானியின் குண்டு அடிமட்டத்தில் வந்து உட்காரும். மிதந்துகொண்டே இருந்தால், இயந்திரத்துடன் வரும் அரை மில்லிமீட்டர் அளவுத்துளையில் குண்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள். தேடப்போவது ஊசித்துளையா, கழன்ற ஹோஸா என்பது அப்போதே தெரிந்துவிடும். புகையை நிறுத்தி அழுத்தம் மட்டும் தங்குகிறதா என்றும் பார்க்கலாம். அமெரிக்க வாகனப் பரிசோதனையில், நீர் அளவில் 14 அங்குலத்துக்கு ஏற்றிய அழுத்தம் இரண்டு நிமிடத்தில் 8 அங்குலத்துக்குக் கீழே போனால் தோல்வி என்ற அளவுகோல் இருந்தது. இன்றைய கார்களின் கணினி அதைவிடக் கண்டிப்பானது என்பதால், முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினாலே தேடத் தொடங்குங்கள்.

தேடும்போது விசிறியை நிறுத்தி, கதவோரக் காற்றையும் தடுத்துவிடுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இருண்ட பின்னணியை நோக்கிப் பாருங்கள். ஊசித்துளையிலிருந்து வருவது மேகமன்று. ஊதுபத்தியின் கடைசி நூலிழை போல, ஓரிடத்திலிருந்து மெல்லிய கோடாக எழுந்து ஓர் அங்குலத்தில் கரைந்துவிடும். டேங்கின் மேற்புறம் முழுவதும் புகை உருண்டு வந்தால் பம்பின் சீலைப் பாருங்கள்; பல கார்களில் பின் இருக்கையின் அடியிலுள்ள தகட்டைத் திறந்து அதைக் காணலாம். கழுத்தின் துரு, கேனிஸ்டரின் ஒட்டுக்கோடு, அழுத்த சென்சாரின் ரப்பர் ஆகியவை அடுத்த இடங்கள். வெளியே எங்கும் புகை தெரியாமல் குண்டு மட்டும் மிதந்தால், பர்ஜ் வால்வை விட்டுவிடாமல் அதன் எஞ்சின் பக்கத்தையும் சோதியுங்கள்: சர்வீஸ் வாய் வழியாகப் புகைத்திருந்தால் வால்வின் எஞ்சின் பக்க ஹோஸைக் கழற்றி, அங்கே புகை எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். கசிவு எஞ்சினுக்குள்ளேயே போனால் வெளியில் எதுவும் தெரியாது.

புகை இயந்திரம் இல்லாதவர்கள் சோப்பு நீரைத் தூரிகையால் இணைப்புகளில் தடவிக் குமிழி பார்க்கலாம். ஆனால் அதற்கும் உள்ளே சிறிது அழுத்தம் வேண்டும்; கைக்கு எட்டாத டேங்க் மேற்புறத்தில் அது பயன்படாது.

எட்டாம் படி: கேனிஸ்டர்

செயலூட்டிய கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு கொண்டது. அதனால்தான் சிறு பெட்டி இவ்வளவு ஆவியைப் பிடித்து வைக்கிறது. கரிக்கு இயல்பாகச் சேதம் வருவதில்லை. அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் பழக்கம்தான். குழல் ஒருமுறை தானாக நின்ற பின்னும் கணக்கு முழுதாக வரட்டும் என்று மேலும் மேலும் போட்டால், திரவப் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் இறங்கும். ஆவியை உட்கொள்ளத் தெரிந்த கரிக்குத் திரவத்தைத் தாங்கத் தெரியாது.

கேனிஸ்டரைக் கழற்றிக் கையில் ஏந்துங்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் கனமாக இருந்தாலோ, சாய்க்கும்போது உள்ளே திரவம் அலம்பினாலோ அது நனைந்துவிட்டது. குலுக்கினால் கரித்துகள் கலகலக்கக்கூடாது. டேங்க் பக்க வாயில் மிக மெதுவாகக் காற்று செலுத்தினால் வென்ட் வாயில் தடையின்றி வர வேண்டும். வரும் காற்றில் கருந்துகள் இருந்தால் உள்தடுப்பு உடைந்துவிட்டது. அப்படியானால் கேனிஸ்டரை மட்டும் மாற்றினால் போதாது. பர்ஜ் வால்வையும் வென்ட் வால்வையும் கழற்றிப் பார்த்து, குழாயின் இரு முனைகளையும் விடுவித்து, உள்ளே தங்கிய கரியை ஊதி வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால், புதிய பர்ஜ் வால்வு சில வாரங்களிலேயே திறந்தபடி சிக்கிக்கொள்ளும். கேனிஸ்டரைத் தண்ணீரிலோ கரைப்பானிலோ கழுவிப் பயன்படுத்தும் முயற்சி வேண்டாம்.

சரிசெய்த பின்

ஹோஸ் மாற்றும்போது பெட்ரோல் ஆவியைத் தாங்கும் வகையையே போடுங்கள். தண்ணீர் ஹோஸ் சில மாதங்களில் உப்பி வெடிக்கும். விரைவு இணைப்பின் ஓ ரிங் தேய்ந்திருந்தால் புதிய ஓ ரிங் அல்லது புதிய குழாய்தான் தீர்வு; பசை பூசி ஒட்டவைப்பது அடுத்து வேலை செய்பவருக்கு நீங்கள் வைக்கும் கண்ணி.

குறியீட்டை அழிப்பதற்கு முன் மறுபடியும் ஒரு புகைச் சோதனை செய்து, குண்டு அடியில் உட்காருகிறதா என்று பாருங்கள். அழித்தவுடன் கணினியின் ஈவாப் கண்காணிப்பு ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போகும். அது ‘முடிந்தது’ என்று மாறும் வரை விளக்கு அணைந்திருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. இந்தச் சோதனையைக் கணினி நினைத்த நேரத்தில் நடத்துவதில்லை. பல கார்களில் பெட்ரோல் அளவு ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கும் 85 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். எஞ்சின் பல மணி நேரம் ஓய்ந்து, குளிர்நீரின் வெப்பநிலையும் உள்வாங்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாகியிருக்க வேண்டும். வெளியே மிகுந்த குளிரோ மிகுந்த வெப்பமோ இருக்கக்கூடாது. எனவே பாதி டேங்க் பெட்ரோலுடன் இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து சீரான வேகத்தில் ஓட்டுங்கள். இரண்டு மூன்று காலைகள் தேவைப்படலாம். இடையில் பேட்டரியைக் கழற்றினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கண்காணிப்பு முடிந்து, நிலுவைக் குறியீடுகள் பகுதியிலும் எதுவும் இல்லையென்றால் வேலை முடிந்தது. நிலுவையில் பி 0456 மட்டும் மீண்டும் தலைகாட்டினால், வண்டியை ஓர் இரவு வெளியில் நிறுத்தி, விடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலேயே புகையைச் செலுத்திப் பாருங்கள். பகலில் பிளாஸ்டிக் விரிந்து மூடிக்கொள்ளும் விரிசல் அந்த நேரத்தில்தான் வாய் திறந்திருக்கும்.